போரை இன்னும் இறக்கலாமா?

கேள்வி: பொன்னேரி பக்கம் எங்கள் ஊர். தோட்டத்து போர் 110 அடி. இரண்டு வருடமாகப் பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை. ஆனால் வாயில் வைத்தால் கரிப்பு தெரியவில்லை. இன்னும் 60 அடி இறக்கினால் நல்ல தண்ணீர் வரும் என்கிறார் போர் போடுகிறவர். செய்யலாமா? உங்கள் நிலத்தடி நீர்த் துறைக்காரர்கள் வந்து கிணற்றில் டேப்பை விட்டு அளந்துகொண்டு போகிறார்களே, அளந்து என்னதான் கண்டீர்கள்? ஜியாலஜி படிக்கும் என் மகள் அந்த வேலைக்கே போவேன் என்கிறாள்!

பதில்: இறக்காதீர்கள். உங்கள் கோபத்துக்குப் பிறகு வருகிறேன்.

கடலோர மண்ணுக்குள் நல்ல தண்ணீர் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் இருந்தால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல நீர் என்பது கைபன்-ஹெர்ஸ்பர்க் கணக்கு. உங்கள் பகுதியில் களிமண் அடுக்குகள் குறுக்கே கிடப்பதால் அது அப்படியே பலிக்காது. ஆனாலும் மேலே மட்டம் கொஞ்சம் இறங்கினால் கீழே உப்பு நிறைய ஏறும் என்பதில் மாற்றமில்லை. ஆழம் போவது, உப்பு நம்மிடம் வருவதற்குள் நாமே அதைத் தேடிப் போவதுதான்.

பருப்பை நீங்கள் கவனித்தது நல்லது. உப்பு நீர் புதிதாக நுழையும்போது அதன் சோடியத்தைக் களிமண் பிடித்து வைத்துக்கொண்டு, தன்னிடமுள்ள கால்சியத்தை விட்டுவிடும். அதனால் நாக்குக்குத் தெரியும் முன்பே தண்ணீர் கடினமாகிவிடும். நாக்கு தாமதமான கருவி. நூறு குடம் நல்ல நீரில் இரண்டு குடம் கடல் நீர் கலந்தாலே குளோரைடு லிட்டருக்கு 380 மில்லிகிராம் கூடிவிடும். குடிநீருக்கு விரும்பத்தக்க அளவே 250தான்.

கடல்தானா என்று இதை மட்டும் வைத்து நான் சத்தியம் செய்யமாட்டேன். பக்கத்து இறால் பண்ணையும், உப்பங்கழியும், களிமண்ணில் பழங்காலத்திலிருந்தே சிக்கிக் கிடக்கும் உப்பும் இதே வேலையைச் செய்யும். குளோரைடு, புரோமைடு, மக்னீசியம், கால்சியம் நான்கையும் ஆய்வகத்தில் பார்த்தால் ஓரளவு பிரித்துச் சொல்லலாம். கையடக்க டி.டி.எஸ். மீட்டர் காட்டும் ஒற்றை எண் இதற்குப் போதாது.

இனி டேப். டேப்பில் சுண்ணக்கட்டி தேய்த்து இறக்கி, நனைந்த கோட்டைப் படித்துக்கொண்டு போவதைப் பார்த்தால் எரிச்சல் வரும்தான். ஆனால் நாங்கள் தேடுவது ஆழத்தையல்ல. உங்கள் தரை கடல் மட்டத்தைவிட 25 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். கிணற்றில் தண்ணீர் 20 அடியில் நின்றால் கடலைவிட 5 அடி மேலே. 40 அடியில் நின்றால் 15 அடி கீழே. தண்ணீர் இனிப்பாக இருந்தாலும் கடலுக்கு வழி திறந்தாகிவிட்டது. இந்தக் கழித்தலுக்காகத்தான் கிணற்று விளிம்பின் உயரத்தை லெவல் பார்த்துக் குறித்து வைக்கிறோம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை அதே கிணறுகளுக்குத் திரும்பத் திரும்பப் போவதும் இதற்குத்தான்.

என்ன கண்டோம் என்பதற்கு மீஞ்சூர் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1960களில் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு ஆய்ந்து, சென்னைக்காக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் கிணறுகள் போடப்பட்டன. நகரமும் இறைத்தது, வயலும் இறைத்தது. 1969இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இருந்த உப்பு நீரின் எல்லைக்கோடு, எண்பதுகளின் முடிவுக்குள் ஏறக்குறைய 9 கிலோமீட்டர் உள்ளே வந்திருந்தது. அந்தக் கோட்டை வரைந்தவை இந்த டேப்பும் மாதிரி பாட்டில்களும்தான். கிணறு போடுவதற்கும் லாரியில் தண்ணீர் கொண்டு செல்வதற்கும் அனுமதி கேட்கும் சட்டம் 1987இல் வந்தது. இறைப்பு நின்றதா என்பது உங்களுக்கே தெரியும். அளந்தவனுக்கு மோட்டாரை நிறுத்தும் அதிகாரம் இல்லை. உங்கள் கோபத்தில் பாதி நியாயம் என்று நான் ஒப்புக்கொள்வது இந்த இடத்தில்தான். கடைசியில், 2010இல் அதே மீஞ்சூர் பக்கம், காட்டுப்பள்ளியில், கடல் நீரை நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது.

மழை நன்றாகப் பெய்தால் மட்டம் ஒரே பருவத்தில் ஏறிவிடும். களிமண்ணில் ஊறிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆகவே இறைக்கும் நேரத்தைக் குறைத்து, இடைவெளி விட்டு ஓட்டுங்கள்; கூரை நீரைக் கிணற்றுப் பக்கம் திருப்புங்கள்.

மகள் தாராளமாக வரட்டும். எம்.எஸ்சி. முடித்து, யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வை எழுதினால் வாரியத்தில் சேரலாம். உங்கள் தோட்டத்தில் இறைக்காமல் கிடக்கும் பழைய கிணறு இருந்தால், அவளை இப்போதே மாதம் ஒருமுறை, மோட்டார் ஓடாத அதிகாலையில் அளக்கச் சொல்லுங்கள். விளிம்பில் ஒரே இடத்தில் பெயிண்ட் குறி வைத்து, அங்கிருந்தே அளக்க வேண்டும்.