நாய் வளர்ப்பவரே நாய்க்கு ஜாமீன்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் நாயில்லாத தெருவைக் காண்பது அரிது. களத்துக்குக் காவல், பட்டிக்குக் காவல், இரவில் வீட்டுக்குக் காவல் என்று நாயினால் குடியானவர் அடையும் பயன் பல. இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி முதலிய நாட்டு இனங்கள் காவலுக்கும் வேட்டைக்கும் பெயர் பெற்றவை. சாதாரணத் தெரு நாயும் ஒரு பிடி சோற்றுக்கு நன்றி மறவாத பிராணியாகும். ஆயினும் அதே நாய் வாசற்படியைத் தாண்டிப் பொதுவழிக்கு வந்தவுடன் நிலைமை மாறிவிடுகிறது. வீட்டுக்குள் அது ஒருவருடைய காரியம். தெருவில் அது ஊரார் அனைவருடைய காரியம். இந்த வேற்றுமையை உணராமையே பல துன்பங்களுக்கும் வழக்குகளுக்கும் காரணமாக இருக்கிறது.

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஜாமீன் என்ற சொல்லின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. ஒருவர் கடன் வாங்குகிறார், மற்றொருவர் கையொப்பமிடுகிறார், வாங்கியவர் தவறினால் கையொப்பமிட்டவர் செலுத்தியே தீரவேண்டும். 1904-ஆம் வருஷத்துக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின்கீழ் தோன்றிய கிராமச் சங்கங்களில் அங்கத்தினர்களின் பொறுப்பு பொதுவாக வரையறையற்றதாகவே இருந்தது. நாய் வளர்ப்பதும் அத்தகைய பொறுப்பே. நாய் கையொப்பமிடாது, தவறு செய்தால் பஞ்சாயத்தில் வந்து பதிலும் சொல்லாது. ஆகையால் அது செய்யும் காரியங்களுக்கெல்லாம் அதற்குச் சோறிட்டு வளர்ப்பவரே ஊராரிடத்தில் ஜாமீனாக நிற்கிறார். இப்பாடத்தின் கருத்து இதுவேயாகும்.

"ஒன்றும் செய்யாது" என்னும் பேச்சு

பால் உற்பத்தியாளர் சங்கம் ஒன்றின் வாசலை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். விடியற்காலையில் அங்கத்தினர்கள் தூக்கும் கேனுமாக வரிசையில் நிற்கின்றனர். சிலர் பின்னால் அவரவர் வீட்டு நாய்களும் வந்துவிடுகின்றன. இடமோ குறுகியது. தரையில் பால் சிந்தியிருக்கிறது. ஒன்றையொன்று அறியாத இரண்டு நாய்கள் உறுமுகின்றன. அவ்வழியே வரவேண்டிய ஒரு மூதாட்டி தயங்கி நிற்கிறாள். நாய்க்கு உடையவர், "ஒன்றும் செய்யாது ஆத்தா, பயப்படாமல் வா" என்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. அந்த நாய் அவரை ஒன்றும் செய்ததில்லை என்பது உண்மையே. ஆனால் சோறு போடும் கையினிடத்தில் நாய் நடந்துகொள்ளும் விதம் வேறு. கோல் ஊன்றி வரும் அயலாரிடத்தில் நடந்துகொள்ளும் விதம் வேறு. முதற்கடி கடிக்கும் வரையில் எல்லா நாயும் கடிக்காத நாய்தான். ஆகவே மூதாட்டிக்குத் தேவையானது உடையவரின் வாக்குறுதியன்று. நாயின் கழுத்திலுள்ள கயிறு அவர் கையில் இருப்பதேயாகும்.

இவ்விஷயம் பட்டணங்களுக்கும் பொருந்தும். 2024-ஆம் வருஷம் மே மாதத்தில் சென்னை நுங்கம்பாக்கத்திலுள்ள மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் வளர்ப்பு நாய்கள் இரண்டு ஒரு சிறுமியைக் கடித்துக் கடுங்காயப்படுத்தின. அவை ரோட்வைலர் என்னும் பேரின நாய்கள். நாய்க்கு உடையவர் கைது செய்யப்பட்டார்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. தம்மிடமுள்ள பிராணியினால் மனித உயிருக்கோ உடலுக்கோ அபாயம் நேராதபடி தக்க ஏற்பாடு செய்யத் தவறுவோரை 1860-ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289-ஆவது பிரிவு தண்டித்து வந்தது. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவு வந்திருக்கிறது. ஆறு மாதம் வரையில் சிறை, அல்லது 5,000 ரூபாய் வரையில் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

நஷ்டம் மனிதருக்கு மட்டுமன்று. காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரங்களில் பட்டி ஆடுகளை நாய்கள் கூட்டமாக வந்து கடித்துக் கொன்றது குறித்து 2024, 2025-ஆம் வருஷங்களில் ஆடு வளர்ப்போர் பலமுறை முறையிட்டுப் போராடினார்கள். கடன் வாங்கி ஆடு வாங்கியவருக்கு ஓர் இரவில் பட்டி காலியானால் தவணை எங்கிருந்து வரும்? குட்டி போட்ட நாயின் குட்டிகளைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் விட்டுவரும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. பிழைத்த குட்டிகளே பின்னர் ஊருக்கு வெளியே கூட்டமாகத் திரிகின்றன. விட்டவருடைய ஜாமீன் ஏரிக்கரையோடு முடிந்துவிடுவதில்லை.

நாய் சீறுவதன் காரணங்கள்

நாய் காரணமின்றிச் சீறுவது குறைவு. அச்சம், உடல்நோவு, ஆகாரத்தையும் குட்டிகளையும் காக்கும் எண்ணம், தன் எல்லையில் பிறர் நுழைதல், இணைசேரும் காலத்துப் போட்டி ஆகியவையே பெரும்பாலும் காரணங்கள். ஓயாமல் கட்டிப்போட்ட நாய் நல்ல காவல் நாயாகும் என்பது தவறான எண்ணம். இரவும் பகலும் குறுகிய சங்கிலியில் கிடக்கும் நாய் விலகிப் போக வழியின்றி எதைக் கண்டாலும் சீறப் பழகுகிறது. அவ்விதம் கட்டி வைப்பதையும், கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கவிடாமலிருப்பதையும் 1960-ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது.

நல்ல நாய்க்கு அஸ்திவாரம் குட்டிப் பருவத்திலேயே இடப்படுகிறது. எட்டு வாரம் நிறையும் முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தல் ஆகாது. பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய மூன்று மாதம் வரையில் குட்டி எவற்றை அச்சமின்றிக் கண்டு பழகுகிறதோ, அவற்றைப் பிற்காலத்திலும் சாதாரணமாக ஏற்றுக்கொள்ளும். ஆகவே குழந்தைகள், முதியோர், மாட்டு வண்டி, மோட்டார் சைக்கிள், ஆடு கோழி இவற்றை அக்காலத்தில் அமைதியாகக் காட்டிப் பழக்கவேண்டும். "அவனைப் பிடி" என்று விளையாட்டாக ஏவி வளர்த்த குட்டி, வளர்ந்தபின் விளையாட்டையும் வினையையும் பிரித்தறியாது. கருத்தடை செய்த ஆண் நாய்கள் ஊர் சுற்றுவதும் சண்டையிடுவதும் குறைகின்றன.

நாய் தரும் முன்னறிவிப்பு

கடிப்பதற்கு முன் நாய் பெரும்பாலும் அறிவிப்புத் தருகிறது. உடல் விறைத்து நிற்றல், கண் இமையாமல் உற்று நோக்குதல், முதுகு மயிர் சிலிர்த்தல், உதட்டைத் தூக்கிப் பல் காட்டுதல், உறுமுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். அஞ்சிய நாய் வாலை இடுக்கிக்கொண்டு, காதுகளைப் பின்னே மடித்து, கண்ணின் வெண்மை தெரியப் பார்க்கும். அதுவும் கடிக்கும். வால் ஆட்டுவதெல்லாம் சிநேகத்தின் அடையாளமன்று. வாலை உயர்த்தி விறைப்பாக ஆட்டும் நாயிடம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். உறுமியதற்காக நாயை அடிப்பது புத்திசாலித்தனமாகாது. அடிபட்ட நாய் உறுமுவதை விட்டுவிடும்; கடிப்பதை விடாது. முன்னறிவிப்பின்றிக் கடிக்கும் நாய் இவ்வாறும் உண்டாகிறது.

பொதுவழியில் உடையவர் செய்யவேண்டியவை

சந்தை, சங்க வாசல், பள்ளிக்கூடத் தெரு, கோயில் திருவிழா ஆகிய இடங்களுக்குச் சீறும் நாயை அழைத்து வராமலிருப்பதே முதல் விதி. அழைத்து வரவேண்டியிருந்தால் உறுதியான கழுத்துப்பட்டையும் நான்கு முதல் ஆறடி நீளமுள்ள கயிறும் அவசியம். கயிற்றைக் குழந்தையின் கையில் கொடுத்தல் கூடாது. நாயின் இழுப்பைத் தாங்கக்கூடியவரே பிடிக்கவேண்டும். எதிரே ஆளோ மற்றொரு நாயோ வரும்போது கயிற்றைக் குறுக்கிப் பிடித்து, வழியின் மறுபுறம் ஒதுங்கி, நாய்க்கும் வருபவருக்கும் இடையில் உடையவர் நிற்பது நல்லது.

முன்பு ஒருமுறை கடித்த நாய்க்கு வாய்க்கூடு இன்றியமையாதது. தாம்பு ஓட்டும் மாட்டுக்குக் கட்டுவதுபோல் காற்று நன்றாகப் புகும் கூடாக அது இருக்கவேண்டும். நாய் நாக்கை நீட்டி இரைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்வதால், வாயை இறுக்கிக் கட்டினால் வெயிலில் உயிருக்கே அபாயம் நேரும்.

சீறும் நாயை எதிர்ப்பட்டால்

நாயைக் கண்டு ஓடுதல் கூடாது. ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. அதன் கண்ணை உற்று நோக்காமல், கைகளைத் தாழவிட்டு, சற்றே பக்கவாட்டில் திரும்பி அசையாமல் நிற்கவேண்டும். நாய் தளர்ந்தபின் மெல்லப் பின்வாங்கலாம். குடை, பை, பால் கேன் எது கையிலிருந்தாலும் அதை இடையில் வைத்துக்கொள்ளலாம். கீழே விழுந்துவிட்டால் உடலைச் சுருட்டிக்கொண்டு முகத்தையும் கழுத்தையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கு இதைச் செய்து காட்டிக் கற்பித்தல் நலம். இரண்டு நாய்கள் சண்டையிடும்போது நடுவில் கையை நீட்டுவோர் கடிபடுவது வழக்கம். ஒரு வாளி தண்ணீரை அவற்றின்மேல் கொட்டுவதே மேலான வழி.

கடிபட்டவுடன்

வெறிநோய் மனிதருக்கு வெளிப்பட்டுவிட்டால் அநேகமாக உயிர் தப்புவதில்லை. உலகில் வருஷந்தோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வரையில் நாயினாலேயே வருகிறது. பாதிக்கப்படுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஆனால் உரிய காலத்தில் சிகிச்சை பெற்றால் இந்நோயைத் தடுத்துவிடலாம்.

கடிபட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவவேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், எண்ணெய், காப்பித்தூள் எதையும் அப்புதல் கூடாது. பின்னர் தாமதமின்றி அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ செல்லவேண்டும். வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சம் இப்போது வேண்டுவதில்லை. அந்தப் பழைய மருந்தின் உபயோகம் 2005-ஆம் வருஷத்துக்குள் இந்தியாவில் நின்றுவிட்டது. இக்காலத்து ஊசி புஜத்தில் போடப்படுகிறது. குறித்த நாள்களில் எல்லாத் தவணையும் போட்டுக்கொள்வது அவசியம். இரத்தம் வரக் கடிபட்டிருந்தால் காயத்தைச் சுற்றிப் போடவேண்டிய மற்றொரு மருந்தும் உண்டு.

இங்கேதான் ஜாமீன்தாரரின் உண்மைத்தன்மை சோதிக்கப்படுகிறது. கடித்தது தம் நாய் என்பதை மறைப்போரும், பழிக்கு அஞ்சி நாயை இரவோடிரவாக அப்புறப்படுத்துவோரும் உண்டு. இது பெருந்தீங்கு. கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கவேண்டும். அதற்குள் அது நோயுற்றாலோ இறந்தாலோ வைத்தியருக்கு உடனே தெரிவிக்கவேண்டும். பத்து நாளும் நலமாயிருந்தால் கடித்த சமயத்தில் அதன் எச்சிலில் நோய் இல்லை என்பது விளங்கும். ஆயினும் அதுவரையில் காத்திராமல் கடிபட்டவர் ஊசியை உடனே தொடங்கவேண்டும். உடையவர் சொல்லும் ஓர் உண்மை ஒரு குழந்தையின் உயிரைக் காக்கக்கூடும்.

சங்கம் செய்யக்கூடியவை

நாய்க்கு மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி தொடங்கி, வைத்தியர் கூறும் தவணைப்படி போட்டு, பிறகு வருஷந்தோறும் போடவேண்டும். ஓர் ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவும் தொடர் அறுந்துவிடும் என்பது நிபுணர்களின் முடிவு. ஒருவர் மட்டும் தம் நாய்க்கு ஊசி போடுவதனால் ஊர் காக்கப்படுவதில்லை. எல்லோரும் சேர்ந்து செய்யவேண்டிய காரியமாதலால் இது கூட்டுறவுக்கே உரிய வேலையாகும்.

சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் கீழ்க்கண்டவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றலாம். முதலாவது, அங்கத்தினர் வீட்டு நாய்களுக்கு ஒரு பதிவுப் புத்தகம் வைத்து, ஊசி போட்ட தேதியைக் குறித்தல். இரண்டாவது, கால்நடை மருந்தகத்தாருடன் பேசி, உலக வெறிநோய் தினமாகிய செப்டம்பர் 28-ஐ ஒட்டி ஊரில் ஒரு நாள் ஊசி போட ஏற்பாடு செய்தல். செலவு நேர்ந்தால் சம்மதித்தவரின் பால் பணத்தில் பிடித்தம் செய்தல். மூன்றாவது, சங்க வாசலுக்குச் சற்றுத் தொலைவில் நாய் கட்டுவதற்கு முளை அடித்து, கயிறில்லாத நாய் வரிசையருகில் வரலாகாதென விதித்தல். நான்காவது, இறைச்சிக் கழிவையும் செத்த கோழிகளையும் தெருவில் எறியாமல் குழியில் புதைத்தல்.

உடையவரில்லாத நாய்களுக்கு விஷம் வைத்தல் கூடாது. அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவின்படி குற்றம். ஆடு மாடுகளுக்கும் கேடு. 2023-ஆம் வருஷத்து நாய் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி அவற்றுக்குக் கருத்தடையும் ஊசியும் செய்விப்பது ஸ்தல ஸ்தாபனங்களின் பொறுப்பு. சங்கம் எழுத்து மூலமாக அதைக் கோரலாம்.

கடனுக்கு ஜாமீன் நிற்பவர் வாங்குபவரின் நடத்தையை முன்கூட்டியே விசாரிக்கிறார். நாய்க்கு ஜாமீன் நிற்பவரும் அவ்வாறே ஊசி, கயிறு, ஆகாரம், பழக்கம் என்னும் நான்கையும் முன்கூட்டியே கவனிப்பாரானால், பின்னர் செலுத்தவேண்டிய கடன் எதுவும் இராது. மூதாட்டியும் அச்சமின்றிப் பால் ஊற்றிச் செல்வாள்.

கூட்டத்தில் ஆலோசிப்பதற்குரிய வினாக்கள்

1. இவ்வூரில் உடையவருள்ள நாய்கள் எத்தனை? அவற்றில் சென்ற ஒரு வருஷத்துக்குள் ஊசி போட்டவை எத்தனை?

2. நாய்க்கு அஞ்சிக் குழந்தைகளும் முதியோரும் செல்லத் தயங்கும் வழிகள் எவை? அங்குள்ள நாய்களுக்குச் சோறிடுவோர் யார்?

3. இன்றிரவு ஒரு குழந்தை கடிபட்டால், ஊசி கிடைக்கும் அரசாங்க ஆஸ்பத்திரி எது? அங்கே கொண்டுசெல்ல வாகனம் தருபவர் யார்?

4. குட்டிகளை ஏரிக்கரையில் விடுவதை நிறுத்தச் சங்கம் என்ன ஏற்பாடு செய்யலாம்?