இரண்டு ஷாஃப்ட், இரண்டு கணக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் யார்டுக்கு ஏறுவது அந்த 61 நாட்களில்தான். இடம் கிடைக்காத நெருக்கடியில் பயணிகள் படகுகளையும் அவசரமாக வேலை முடித்து இறக்கச் சொல்வார்கள். அந்த அவசரத்தில் முதலில் பலியாவது ஷாஃப்ட் அலைன்மெண்ட். படகு கரையில் இருக்கும்போதே கப்ளிங் போல்ட்டை இறுக்கிவிட்டு, முடிந்தது என்று கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். தண்ணீரில் சரிபார்க்காத அலைன்மெண்டை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

கரையில் படகின் பாரம் நாலைந்து கட்டைகளின் மேல் நிற்கிறது. தண்ணீரில் அடிப்பாகம் முழுவதும் தாங்கப்படுகிறது. ஃபைபர் படகானாலும் மரப்படகானாலும் அதன் உடல் கொஞ்சம் வளைந்து நிமிரும். கப்ளிங்கில் நாம் தேடுவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதைக் கெடுக்க அந்தச் சிறு வளைவே போதும்.

கரையில் செய்யவேண்டிய வேலை பேரிங்குகள். பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும்: முதலில் பிராக்கெட்டில் இருக்கும் ரப்பர் பேரிங், அடுத்து ஸ்டெர்ன் ட்யூப், கடைசியில்தான் எஞ்சின். ஷாஃப்டை உருவிவிட்டு மெல்லிய எஃகுக் கம்பியை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு துளையின் நடுவிலும் அது போகிறதா என்று அளப்பேன். நீளம் அதிகமானால் கம்பியே தொய்யும். அதையும் கணக்கில் கழிக்க வேண்டும்.

ஒரு பயணிகள் படகின் ஓட்டுநர் வந்து, "அண்ணே, இடது பக்கம்தான் ஆட்டுது, அந்த விசிறிய மாத்திடலாமா?" என்றார். இரட்டை எஞ்சின் படகில் காதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. ஒரு எஞ்சினை நியூட்ரலில் போட்டு மற்றதை மட்டும் ஓட்டினோம். பிறகு மாற்றி ஓட்டினோம். ஆட்டம் வலப்பக்க ஷாஃப்டில். இடப்பக்கத் தளப் பலகை தளர்ந்திருந்ததால் சத்தம் அங்கே கேட்டிருக்கிறது. (எஞ்சினை அடியோடு நிறுத்திவிட்டு விசிறியைத் தண்ணீரில் சும்மா சுழலவிடுவது எல்லா கியர்பாக்ஸுக்கும் ஆகாது. தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்துவிட்டே செய்யுங்கள்.)

வலப்பக்க பேரிங்கைக் கழற்றிப் பார்த்தோம். பின் முனையில் ரப்பர் அடிப்பக்கம் தேய்ந்திருந்தது, முன் முனையில் மேல்பக்கம். இப்படி எதிரெதிராகத் தேய்ந்தால் பிராக்கெட்டே சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். புது பேரிங் மட்டும் போட்டிருந்தால் அதுவும் அதே போலத் தேய்ந்திருக்கும். பிராக்கெட்டைக் கழற்றி, கம்பி பிடித்து, எபாக்சியில் மறுபடி உட்கார வைத்தோம். தேய்ந்த பேரிங்கைக் குப்பையில் போடும் முன் அதைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஷாஃப்ட் எப்படி ஓடியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இனி கப்ளிங். படகைத் தண்ணீரில் இறக்கி, குறைந்தது ஒரு நாள் விடுங்கள். இரு பக்கத்து டீசல் டேங்கும் ஒரே அளவில் இருக்கட்டும். ஒன்று நிறைந்து ஒன்று காலியானால் படகு சாய்ந்து அளவு மாறும். போல்ட்டைக் கழற்றியதும் ஷாஃப்டின் முனை தன் எடையாலேயே தொங்கும். 50 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட் மீட்டருக்குப் பதினைந்து கிலோவுக்கு மேல். பேரிங்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஷாஃப்டின் எடையில் பாதி, அதோடு கப்ளிங்கின் முழு எடை: இந்த அளவுக்கு ஸ்பிரிங் தராசால் தூக்கிப் பிடித்த பிறகே அளக்க வேண்டும். இரண்டு முகங்களும் கையால் தள்ளினாலே ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் எஞ்சின் இன்னும் இடத்துக்கு வரவில்லை.

மேல், கீழ், இரு பக்கம் என நாலு இடத்தில் ஃபீலர் கேஜ் விடுங்கள். 125 மி.மீ. முகமென்றால் நாலு அளவுக்குள்ளும் 0.12 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது. பிறகு ஷாஃப்டை மட்டும் கால் சுற்று திருப்பி மறுபடி அளக்க வேண்டும். பெரிய இடைவெளி ஷாஃப்டோடு சேர்ந்து நகர்ந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அல்லது அதன் கப்ளிங் முகம் கோணல். இருந்த இடத்திலேயே நின்றால் எஞ்சினைத்தான் நகர்த்த வேண்டும். முதலில் உயரம், அடுத்து பக்கவாட்டு. பக்கவாட்டில் நகர்த்தியதும் உயரத்தை மறுபடி பார்க்க வேண்டும். வெளிப்பக்க மவுண்ட் பெரும்பாலும் டேங்குக்கும் ஃபைபர் சுவருக்கும் நடுவே ஸ்பானர் நுழையாத இடத்தில் இருக்கும். அதனாலேயே பலர் உள்பக்க நட்டுகளை மட்டும் திருகிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். எஞ்சினின் பாரம் நாலு காலிலும் இறங்கவில்லையென்றால் அந்த அளவு நிற்காது.

ஒரு பக்கத்து ஷிம் கணக்கை மறுபக்கத்துக்கு எடுத்துச் செல்லாதீர்கள். ஒரே மாதிரி எஞ்சின், ஒரே நீள ஷாஃப்ட் என்றாலும் படகின் இரு பக்கமும் ஒன்றல்ல. இரண்டாவது எஞ்சினை நகர்த்தி முடித்ததும் முதல் பக்கத்தை இன்னொரு முறை அளந்துவிடுங்கள்.

படகு உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். இறக்கிய அன்றே பயணிகளை ஏற்றாதீர்கள். மெக்கானிக்குக்குத் தண்ணீரில் ஒரு நாள் கொடுங்கள். புது ரப்பர் மவுண்ட் போட்டிருந்தால் முதல் ஐம்பது மணி நேர ஓட்டத்துக்குள் அது கொஞ்சம் அமுங்கியிருக்கும். அப்போது இரண்டு கப்ளிங்கையும் திறந்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.