பிள்ளை தடுமாறாமல் நடக்க



டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு நடை தாமதமாகத்தான் வரும். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள் பெரும்பாலோர் நடந்துவிடுவார்கள். சிலருக்கு இன்னும் தள்ளிப்போகும். நடந்த பிறகும் தள்ளாடும், காலை அகட்டி வைக்கும், படி இறங்கப் பயப்படும்.

இது கிரகணத்தால் வந்ததல்ல, தாய் செய்த குற்றமும் அல்ல. உயிரணுவில் 46 இருக்க வேண்டிய குரோமோசோம் 47 ஆக இருப்பதே காரணம் என்று 1959-லேயே கண்டறிந்துவிட்டார்கள். இதனால் தசை தொளதொளவென்று இருக்கிறது. மூட்டைக் கட்டி நிறுத்தும் நார்களும் இளகியிருக்கின்றன. டானிக்கால் இது சரியாகாது. தினமும் பழக்கினால் நடை உறுதிப்படும்.

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். இப்பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயத்தில் பிறவிக் குறை உண்டு. கண், காது, தைராய்டு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுப்பார். எங்கே போவது என்று கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்? வாசலில் சாம்பலால் ஒரு முழ அகலத்தில் இரண்டு கோடு போட்டு, நடுவே நடக்கச் சொல்லுங்கள். பழகப் பழக அகலத்தை ஒரு சாணாகக் குறையுங்கள். புளியங்கொட்டையைத் தரையில் பரப்பி, குனிந்து பொறுக்கி நிமிரச் செய்யுங்கள் (வாயில் போட்டுக்கொள்ளாமல் பக்கத்திலேயே இருங்கள்). திண்ணைப் படியில் கைபிடித்து ஏறி இறங்கட்டும். மணலில் வெறுங்காலோடு நடப்பதும் நல்லது. கொஞ்சம் வளர்ந்ததும் சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கலாம். அப்புறம் பாண்டி ஆட்டம். ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை போதும். மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே நிறுத்தி டாக்டரிடம் போங்கள்.

நம் பழைய மர நடைவண்டி நல்ல சாமான். அதில் பிள்ளை தன் காலில் நின்று தள்ளுகிறது. உள்ளே உட்கார வைக்கும் சக்கர வாக்கர் வேண்டவே வேண்டாம்.

பாவம் என்று பாட்டி எந்நேரமும் இடுப்பிலேயே வைத்திருந்தால் கால் எப்படிப் பலப்படும்? பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். சாயங்காலப் பயிற்சியை அப்பா ஏற்றுக்கொள்ளட்டும்; முழுப் பாரமும் அம்மாவுக்கே என்றால் நாலு நாளில் நின்றுபோகும்.

ஒரு எச்சரிக்கை. கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்குங்கள். குட்டிக்கரணம் கூடவே கூடாது, கழுத்து எலும்பு நழுவி நரம்பை அழுத்தக்கூடும். நன்றாக நடந்த பிள்ளை திடீரென்று தடுமாறினாலோ, கழுத்து வலி என்றாலோ, தலையைச் சாய்த்தே வைத்திருந்தாலோ, அடங்கியிருந்த சிறுநீர் மறுபடி தானாகப் போனாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.