ஒரே காரியத்திற்கென வைக்கப்படும் கம்ப்யூட்டரைக் காபந்து செய்யும் முறை

கூட்டுறவுக் கடன் சங்கங்களிலும், ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களிலும், ஊராட்சி அலுவலகங்களிலும் விவசாயிகள் தாமே விலை நிலவரமும் வானிலைக் குறிப்பும் பார்த்துக்கொள்ளும் பொருட்டுக் கம்ப்யூட்டர் யந்திரம் ஒன்றை முன்கூடத்தில் வைப்பது நல்ல ஏற்பாடே. ஆனால் இவ்விதம் வைக்கப்பட்ட யந்திரங்களிற் பல, சில மாதங்களுக்குள் அக்காரியத்திற்கு உதவாமற் போய்விடுகின்றன. பென் டிரைவ் வழியாக வைரஸ் புகுந்துவிடுகிறது. பாட்டும் படமும் இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்கின்றன. சந்தை நாளன்று நிலக்கடலை மூட்டைகளுடன் வந்தவர் விலை பார்க்க உட்கார்ந்தால், எவரோ ஏற்றிவைத்த விளையாட்டின் விளம்பரம் திரையை மறைத்து நிற்கிறது. அவர் வியாபாரி சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறார்.

இதற்குப் பயன்படுத்துவோரைக் குறை கூறிப் பயனில்லை. எல்லாக் காரியங்களுக்கும் உதவும்படி செய்யப்பட்ட யந்திரத்தை அப்படியே பொது இடத்தில் வைத்தால், எல்லாக் காரியங்களுக்கும் அது உபயோகப்படத்தான் செய்யும். சுவரில் எச்சரிக்கை எழுதி ஒட்டுவது வேலியில்லாத கொல்லையில் பலகை நடுவதற்கொப்பாகும். நம் வீடுகளிலிருந்த நெற்குதிரை நினைத்துப் பாருங்கள். மேலே பெரிய வாய் ஒன்று, அடியிற் சிறு துவாரம் ஒன்று. நெல் எடுக்க வருகிறவருக்கு அடித்துவாரமே போதும். மேல்வாய் மூடியே இருக்கும். கம்ப்யூட்டரையும் அவ்வாறே மூடி, வேண்டிய துவாரம் ஒன்றை மாத்திரம் விடுவதற்கு வழிகள் உண்டு. இவ்விதம் கட்டப்பட்ட யந்திரத்திற்குக் கியோஸ்க் என்று பெயர். துருக்கியரும் பாரசீகரும் தோட்டத்து மண்டபத்திற்கு வழங்கிய சொல், ஐரோப்பாவிற் பத்திரிகை விற்கும் சிறு கடைக்குப் பெயராகி, இப்பொழுது இந்த யந்திரத்திற்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

முதலில் செய்யவேண்டியது யந்திரத்தைத் தொடுவதன்று. ஒரு தாளை எடுத்து, இந்த யந்திரம் எதற்காக என்று எழுதவேண்டும். உதாரணமாக மூன்று பக்கங்கள் போதுமென்று வைத்துக்கொள்வோம்: வானிலைத் துறையாரின் பக்கம்; அக்மார்க்நெட் விலைப்பக்கம்; 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய வேளாண் சந்தையாகிய இ-நாம் பக்கம். அக்மார்க்நெட்டில் குவிண்டால் ஒன்றுக்குக் குறைந்த விலை, உயர்ந்த விலை, பெரும்பான்மை விலை என மூன்று காணப்படும். மூன்றாவதே பெரும்பகுதிச் சரக்கு விலைபோன விலையாதலால், அதையே விவசாயிகள் முக்கியமாய்க் கவனிக்கவேண்டும். நான்காவது பக்கம் ஒன்றைச் சேர்க்கும்படி எவரேனும் கேட்டால், சங்கக் கூட்டத்தில் தீர்மானித்தே சேர்ப்பது உசிதம். கேட்டவர்க்கெல்லாம் திறந்துவிட்டால் ஓராண்டில் பழைய நிலைக்கே வந்துவிடும்.

இவ்விடத்தில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். பணம் சம்பந்தப்பட்ட எக்காரியத்தையும் பொது யந்திரத்தில் வைக்கலாகாது. வங்கிக் கணக்கைத் திறந்த ஒருவர் மூடாமல் எழுந்துபோனால், அடுத்து உட்காருபவர் அவருடைய கணக்கினுள்ளேயே உட்காருகிறார். அன்றியும், விசைப்பலகையின் கம்பிக்கும் பெட்டிக்கும் நடுவே விரற்கடையளவுள்ள சிறு கருவியொன்றைச் செருகிவிட்டால், தட்டிய எழுத்துக்கள் அனைத்தும், இரகசியச் சொல் உள்பட, அதிற் பதிவாகிவிடும். அதைக் கம்ப்யூட்டர் அறியாது. நாம் பின்வரும் பூட்டுக்களில் எதுவும் அதைத் தடுக்காது. பயிர்க்கடன் மனு, காப்பீட்டுத் தொகை, ஆதார் எண் முதலியவற்றிற்கு அலுவலகத்தின் உட்புறத்தில் எழுத்தரின் பொறுப்பிலுள்ள வேறு யந்திரத்தையே உபயோகிக்கவேண்டும். முன்கூடத்து யந்திரம் பார்ப்பதற்கு மட்டுமே.

இனிப் பூட்டும் முறை. வெளியிலிருந்து உள்ளே செல்வது நலம். பெட்டியை மர அலமாரியிலோ இரும்புக் கூண்டிலோ வைத்துப் பூட்டி, திரையும் விசைப்பலகையும் மௌஸும் மட்டும் வெளியே இருக்கச் செய்யவேண்டும். காற்றோட்டத்திற்குப் பின்புறம் சல்லடைத் தகடு வைத்தல் அவசியம். இல்லையேல் சித்திரை மாத வெயிலில் யந்திரம் சூடேறி நின்றுவிடும். கூண்டினுள் களத்துத் தூசி சேரும். அதை அவ்வப்போது துடைக்கவேண்டும். பெட்டி வெளியே இருந்தால் எவரும் யூ.எஸ்.பி. துவாரத்தில் பென் டிரைவைச் செருகி, அதிலிருந்தே வேறொரு இயங்குதளத்தைக் கிளப்பிவிடலாம். அப்பொழுது உள்ளேயுள்ள கட்டுப்பாடுகள் ஒன்றுகூட வேலை செய்யா. ஆகையால் யந்திரம் எழும்போது வரும் பயாஸ் அமைப்பிற்குச் சென்று, உள்வட்டிலிருந்து மட்டுமே எழும்படி வரிசையை மாற்றி, அவ்வமைப்பிற்கும் இரகசியச் சொல் இடவேண்டும். இதைச் செய்யாமல் மேலே செல்வது, மதகைப் பூட்டிவிட்டுக் கரையை உடைத்துவைப்பதாகும்.

அடுத்தது கணக்குகள். யந்திரத்தில் இரண்டு கணக்குகள் இருக்கவேண்டும்: நிர்வாகிக்கு ஒன்று, பொதுமக்களுக்கு ஒன்று. பின்னதற்கு எதையும் நிறுவவோ மாற்றவோ அதிகாரம் இருத்தலாகாது. யந்திரம் தானே திறந்துகொள்வதும் இந்தப் பொதுக் கணக்கிலேதான்.

விண்டோஸ் வைத்திருப்போருக்கு வேலை சுலபம். 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த 8.1 பதிப்பு முதற்கொண்டு, ஒரு கணக்கை ஒரே செயலிக்குக் கட்டிவிடும் வசதி அதிலேயே உண்டு. ஹோம் என்னும் வீட்டுப் பதிப்பில் இவ்வசதி கிடையாது. புரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புக்களில் மட்டுமே உண்டு. வாங்கும்போதே கடைக்காரரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். விலை குறைவென்று வீட்டுப் பதிப்பை வாங்கிவிட்டுப் பிறகு தவிப்பவர் பலர். அமைப்புகளில் கணக்குகள் என்ற பகுதிக்குச் சென்று, பிற பயனர்கள் என்பதன் கீழ் கியோஸ்க் என்றிருப்பதைத் தேர்ந்து, புதுக் கணக்குக்குப் பெயரிட்டு, எட்ஜ் உலாவியைத் தெரிவு செய்தால், அது இரண்டு முறைகளைக் காட்டும். ஒன்று, ஒரே பக்கம் முழுத்திரையில் நிற்பது. முகவரிப் பட்டை கிடையாது. மற்றது, பொது உலாவல். இதில் பட்டையும் பல தாவல்களும் உண்டு. இரண்டிலும் முன்னவர் பார்த்ததன் சுவடு பின்னவருக்குக் கிடைக்காதபடி அமர்வு முடிந்ததும் அழிக்கப்படும். பொது உலாவலில் எவரும் தொடாமல் ஐந்து நிமிஷங்கள் கழிந்தால் அது தானே முதற்பக்கத்திற்குத் திரும்பும். இந்த அவகாசத்தை மாற்றலாம். நம் கூடங்களுக்கு இரண்டு நிமிஷமே போதுமென்பது என் அபிப்பிராயம்.

நமது தேவைக்கு முழுத்திரை முறையே ஏற்றது. மேற்சொன்ன மூன்று பக்கங்களுக்கும் பெரிய பொத்தான்கள் கொண்ட தமிழ் முகப்பு ஒன்றைப் பக்கத்து உயர்நிலைப்பள்ளிக் கம்ப்யூட்டர் ஆசிரியரைக்கொண்டு செய்வித்து, அதையே முதற்பக்கமாக வைக்கலாம். ஆனால் முகவரிப் பட்டை இல்லையென்பதால் மாத்திரம் அடைபட்டதாகாது. ஒரு பக்கத்திலுள்ள இணைப்பு மற்றொன்றிற்கும், அது வேறொன்றிற்கும் இட்டுச்செல்லும். எட்ஜ், குரோம், பயர்பாக்ஸ் மூன்றிலும் நிர்வாகக் கொள்கை என்ற ஏற்பாட்டினால் எல்லாத் தளங்களையும் மறுத்து, பட்டியலிற் கண்டவற்றை மட்டும் அனுமதிக்கலாம். மறுப்பது முதலில், அனுமதிப்பது பிறகு. கெட்ட தளங்களைத் தேடித் தேடித் தடுக்கும் வழக்கத்தை நான் சிபாரிசு செய்வதில்லை. கோரையைத் தலைதலையாய் வெட்டுவதுபோல அதற்கு முடிவே இராது.

பழைய யந்திரம் வைத்திருக்கும் சங்கங்களுக்கு ஒரு சொல். விண்டோஸ் 10 பதிப்பிற்குப் பொதுவாக அளிக்கப்பட்டு வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. 11-ஆம் பதிப்போ பழைய யந்திரங்கள் பலவற்றில் ஏறாது. அவற்றைத் தூக்கி எறிய வேண்டுவதில்லை. லினக்ஸை நிறுவி இதே காரியத்திற்கு நன்றாய் உபயோகிக்கலாம். அதற்கு விலையும் இல்லை.

லினக்ஸில் இரண்டு மார்க்கங்கள் உண்டு. மேசைத்திரையை வைத்துக்கொண்டே அதன் வசதிகளை ஒவ்வொன்றாய்ப் பூட்டுவது ஒன்று. க்னோம் என்னும் மேசைத்திரையில் கட்டளைவரி, அச்சிடல், வட்டிற் சேமித்தல், பயனர் மாற்றம் முதலியவற்றைத் தனித்தனியே நிறுத்தலாம். இங்கே பலர் பாதி வேலையோடு நின்றுவிடுகிறார்கள். மதிப்பை எழுதிவைத்தால் மட்டும் போதாது. அது வெறும் ஆரம்ப நிலையே. பயனர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். அந்த மதிப்பின் பெயரைப் பூட்டுக்களுக்குரிய தனி அடைவிலும் எழுதி, டிகான்ஃப் என்னும் அமைப்புக் களஞ்சியத்தைப் புதுப்பித்தால்தான் அது நிலைத்த விதியாகும். கே.டி.இ. மேசைத்திரையில் இதையே, அமைப்புக் கோப்பின் தலைப்பையடுத்துச் சதுர அடைப்பினுள் டாலர் குறியும் ஐ என்ற சிறிய ஆங்கில எழுத்தும் இட்டுச் செய்வார்கள்.

மற்ற மார்க்கம், மேசைத்திரையே இல்லாமற் செய்துவிடுவது. யந்திரம் எழுந்ததும் உலாவி ஒன்று மட்டும் முழுத்திரையில் எழும். பின்னால் பட்டியலோ கோப்பறையோ எதுவும் இராது. 2019 டிசம்பரில் வந்த 71-ஆம் பதிப்பு முதல் பயர்பாக்ஸில் இதற்கென்றே கியோஸ்க் என்ற ஏவல் உண்டு. பூட்டவேண்டிய கதவுகள் குறைவாதலால் இதுவே மேலானது. ஆல்ட் விசையோடு எஃப்4 விசையை அமுக்கினால் உலாவி மூடிக்கொள்ளும். ஆகையால் மூடியவுடன் அது மறுபடி எழும்படி சிறு கட்டளைச் சுழற்சி ஒன்றை எழுதிவைக்கவேண்டும்.

ஒவ்வொரு முறை அணைத்து எழுப்பும்போதும் யந்திரம் பழைய நிலைக்கே திரும்பும்படி செய்வதும் உண்டு. மைக்ரோசாப்ட் கம்பெனியார் 2007-ஆம் ஆண்டில் இதற்காக ஸ்டெடிஸ்டேட் என்ற கருவியை இலவசமாய் அளித்துப் பின்னர் நிறுத்திவிட்டார்கள். விண்டோஸ் 7 முதலான பதிப்புக்களுக்கு அது வரவேயில்லை. இப்பொழுது எண்டர்பிரைஸ் பதிப்பில் எழுத்து வடிகட்டி ஒன்றும், உபுண்டு லினக்ஸில் ஓவர்லேரூட் என்பதும் இவ்வேலையைச் செய்கின்றன. ஆனால் இது குப்பையோடு நல்லதையும் கழுவிவிடும். பாதுகாப்புத் திருத்தங்களை இதைத் தளர்த்திவிட்டே ஏற்றவேண்டும். பராமரிக்க ஆள் இல்லாத இடத்தில் இதைப் போடாதிருப்பதே மேல்.

எல்லாம் முடிந்தபின் ஊரிலுள்ள சூட்டிகையான பையன் ஒருவனை அழைத்து, அரைமணி நேரத்தில் இதிலிருந்து வெளியேறிக் காட்டு என்று விட்டுவிடுங்கள். அவன் அருகிலிருந்து பார்த்தால் ஓட்டைகள் தெரிந்துவிடும். ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தட்டுவான். விண்டோஸில் உதவிப் பெட்டி ஒன்று தோன்றி, அதன் வழியே அமைப்புகளுக்குப் பாதை திறக்கலாம். அச்சிடும் பெட்டியைத் திறந்து கோப்பாகச் சேமிக்கப் பார்ப்பான்; அங்கே வட்டிலுள்ளவை தெரியும். வலப்பொத்தானை அழுத்துவான். லினக்ஸாயின் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் அமுக்கிக் கறுப்புத் திரைக்குப் போவான். அங்கே இரகசியச் சொல் கேட்குமாயினும், எக்ஸ் என்னும் காட்சி முறையில் அந்தத் தாவலையே நிறுத்திவிட வழியுண்டு. கடைசியில் மின்கம்பியைப் பிடுங்கிச் செருகுவான். அவன் கண்ட ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு அடைத்துவிட்டு, மறுவாரம் மறுபடி அழையுங்கள்.

பூட்டிய யந்திரத்திற்குச் சாவி யாரிடம் என்பது சிறு விஷயமன்று. ஒரு விற்பனைக்கூடத்தில், யந்திரத்தை நன்கு பூட்டிவைத்த அலுவலர் மாற்றலாகிச் சென்றார். நிர்வாகியின் இரகசியச் சொல் வேறு எவருக்கும் தெரியாது. இ-நாம் பக்கத்தின் முகவரியைத் திருத்த வேண்டியிருந்தபோது திருத்த இயலாமல், பட்டணத்துப் பழுது பார்ப்பவர் முழுவதையும் அழித்துப் புதிதாய் நிறுவினார். முன் செய்த கட்டுப்பாடு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகையால் நிர்வாகி சொல்லையும் பயாஸ் சொல்லையும் தாளில் எழுதி, உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்து, சங்கத்தின் இரும்புப்பெட்டியில் வைக்கவேண்டும். பொறுப்பு மாறும்போது சாவிக்கொத்தோடு அவ்வுறையையும் ஒப்படைத்ததாகப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கவேண்டும். செய்த மாற்றங்கள் இன்னவை என்று ஒரு நோட்டுப்புத்தகத்திலும் எழுதிவைத்தால், பின் வருபவர் இருட்டில் தடவ வேண்டியதில்லை.

மாதம் ஒரு நாள், சந்தையில்லாத நாளாகப் பார்த்து, நிர்வாகியாய் உள்ளே சென்று திருத்தங்களை ஏற்றவேண்டும். பெரிய திருத்தங்களுக்குப் பின் சில கட்டுப்பாடுகள் நெகிழ்ந்துவிடுவதுண்டு; ஆகையால் அன்றே மறுபடி சோதித்துப் பார்க்கவேண்டும். விசைப்பலகைக் கம்பியின் நடுவே புதிதாய் ஏதேனும் செருகியிருக்கிறதா என்பதையும் அன்று கண்ணால் பார்த்துவிடுவது நலம்.

மின்தடை ஏற்பட்டு மீண்டும் மின்சாரம் வந்தவுடன் யந்திரம் தானே எழும்படி பயாஸில் ஓர் அமைப்பு உண்டு. அதை இயக்கிவைத்தால் கூண்டைத் திறக்கக் காவலாளியைத் தேட வேண்டியதில்லை. மின்சாரம் நெடுநேரம் வராத நாட்களுக்காகவும், படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்தர் வாசித்துச் சொல்வதற்காகவும், காலையில் விலையைக் கரும்பலகையில் எழுதும் பழைய வழக்கம் நடந்துகொண்டே இருக்கட்டும்.