அசெம்பிள் கணினி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை நீளும் சென்னையின் தென்புறநகரில், வீட்டுக்கென ஒரு கணினியை உதிரிகளாக வாங்கிக் கோத்துக்கொள்ள விரும்புவோருக்கு நெடுங்காலமாக இரண்டு வழிகள் இருந்துவருகின்றன. ஒன்று, தாம்பரம், குரோம்பேட்டை வட்டாரக் கடைகளில் கொட்டேஷன் வாங்குவது. மற்றொன்று, மின்சார ரயிலிலோ மெட்ரோவிலோ அண்ணா சாலைப் பக்கம் சென்று ரிச்சி தெருவிலும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலும் கடைகடையாக ஏறி இறங்குவது. இணைய வணிகம் மூன்றாவது வழியாகச் சேர்ந்த பின்னும், எதை வாங்குவது என்ற முடிவை வாய்வழியாகப் பரவும் சில நம்பிக்கைகளே தீர்மானிக்கின்றன. அவற்றுள் முதன்மையானது, “இப்போதைக்கு இது போதும், பிறகு அப்கிரேடு செய்துகொள்ளலாம்” என்பது. அந்தப் ‘பிறகு’ எந்த உறுப்பைச் சார்ந்து நிற்கிறது என்ற கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. பிற்பாடு மாற்றப்படவிருக்கும் உறுப்பில் சிக்கனம் காட்டி, மாற்றப்படாமல் நிற்கவிருக்கும் உறுப்பில் செலவைக் கூட்டுவதே முறை. நடைமுறையில் கொட்டேஷன் சீட்டுகள் இதற்கு நேர்மாறாகவே எழுதப்படுகின்றன.

“ஐ7 என்றால் ஐ7தான்” என்பது இரண்டாவது நம்பிக்கை. பிராசசர் எனப்படும் செயலியின் பெயரில் உள்ள 3, 5, 7 ஆகிய எண்கள் ஒரே தலைமுறைக்குள் மட்டுமே தரவரிசையைக் காட்டுகின்றன. தலைமுறை மாறினால் அவற்றை ஒப்பிடுவதில் பொருளில்லை. 2011-இல் வந்த இன்டெல் ஐ7-2600 செயலியிலும், 2022-இல் வந்த ஐ3-12100 செயலியிலும் கோர் எனப்படும் கருக்கள் நான்குதான். ஒரு கருவின் வேகத்தில் பின்னது முன்னதைவிட ஏறக்குறைய இருமடங்கு. பழைய ‘ஐ7’ பெட்டி மலிவாகக் கிடைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையும் அதற்குப் பிந்தியவையும் மட்டுமே பொதுவாக முறைப்படி ஏற்கப்படுகின்றன. லினக்ஸ் பயன்படுத்தும் இல்லத்துக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் அத்தகைய இல்லங்கள் அரிது.

அலுவலகங்கள் கழித்துவிட்ட பிராண்டட் கணினிகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அவை உழைப்பவை, விலையும் நியாயமானது. கடிதம் எழுதுவதற்கும் பிள்ளைகளின் பாடத்துக்கும் எட்டாம் தலைமுறைப் பெட்டியொன்று தாராளமாகப் போதும். ஆயினும் அவற்றுள் பல, சந்தையில் கிடைக்கும் பொதுவான அளவுகளில் அமையாமல், மின்வழங்கியின் இணைப்பு, மதர்போர்டின் வடிவம், பெட்டியின் உயரம் ஆகிய மூன்றிலும் தத்தம் நிறுவனத்துக்கே உரிய அமைப்பைக் கொண்டிருப்பதால், வளர்த்துக்கொள்ளும் நோக்கத்தோடு அவற்றை வாங்குவது வீண்.

“சாக்கெட் பொருந்தினால் செயலி ஓடும்” என்பது மூன்றாவது நம்பிக்கை. விரிவாகப் பார்க்க வேண்டியதும் இதுதான். சாக்கெட் என்பது மதர்போர்டில் செயலி உட்காரும் இடம். 2017-இல் இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலிகளை வெளியிட்டபோது, அவற்றின் சாக்கெட்டுக்கும் முந்தைய இரு தலைமுறைகளின் சாக்கெட்டுக்கும் பெயர் ஒன்றே, ஊசிமுனைகளின் எண்ணிக்கையும் 1151 என்று ஒன்றே; இருந்தும் பழைய போர்டுகளில் அவை ஓடாதபடி அமைந்திருந்தன. அதற்கு மாறாக, ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் 2017-இல் முதல் ரைசன் செயலியோடு வாங்கப்பட்ட போர்டுகளுள் பலவற்றில், 2022-இல் வெளிவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி வரை பொருத்த முடிந்தது. இதற்கு வேண்டியது பயாஸ் புதுப்பிப்பு மட்டுமே. பயாஸ் என்பது கணினி விழித்தெழும்போது முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்துள்ள சிறு மென்பொருள். அதைப் புதுப்பிக்கும் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் போர்டே பயனற்றுப்போகக்கூடும் என்பதால், யுபிஎஸ் இல்லாத வீட்டில் கோடை மாலையில் அதைச் செய்வது அறிவுடைமை ஆகாது.

இன்டெலின் 1700 சாக்கெட் 2021-இல் தொடங்கி மூன்று தலைமுறைகளைத் தாங்கியது. 2024-இல் அதன் இடத்தை 1851 பிடித்தது. ஏஎம்டியின் ஏஎம்5, 2022-இல் வந்தது. 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் அதற்கு ஆதரவு உண்டு என்று அந்நிறுவனம் அறிவித்திருக்கிறது. எதிர்காலம் என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் ஏஎம்5 முந்துகிறது. ஆனால் அது டிடிஆர்5 வகை ரேமை மட்டுமே ஏற்கும், போர்டின் விலையும் கூடுதல். இங்கே ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்யலாம். வீட்டுக் கணினிகளில் செயலியை மாற்றுவோர் மிகச் சிலரே. பெரும்பாலோர் முதலில் கூட்டுவது ரேம், அடுத்து எஸ்எஸ்டி, அதன்பின் கிராபிக்ஸ் கார்டு. ஆகவே சாக்கெட்டின் ஆயுளைப் பற்றி நடக்கும் நீண்ட வாதங்களில் பாதியையாவது, போர்டில் ரேம் இடங்கள் இரண்டா நான்கா, எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடங்கள் எத்தனை, செயலிக்கு மின்னழுத்தம் தரும் பகுதியின் மேல் வெப்பம் கடத்தும் உலோகத் தகடு இருக்கிறதா என்ற கேள்விகளுக்குச் செலவிடலாம். கடைசிக் கேள்வியை அற்பமென ஒதுக்கிவிட முடியாது. ஆறு கரு செயலிக்குப் போதுமாக இருந்த மலிவுப் போர்டு, பின்னர் எட்டு கரு செயலி வந்தமர்ந்ததும் மே மாத வெயிலில் சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளக்கூடும்.

எம்.2 என்பது வேகத்தின் பெயர் என்ற எண்ணமும் பிழை. அது அட்டையின் வடிவத்தை மட்டுமே குறிக்கிறது. அதே வடிவத்தில் வரும் சாட்டா வகை எஸ்எஸ்டி நொடிக்கு ஏறக்குறைய 550 மெகாபைட்டோடு நின்றுவிட, என்விஎம்இ வகை மூன்றாயிரத்தையும் தாண்டுகிறது.

ரேமைப் பொறுத்தவரை “மொத்த ஜிபிதான் கணக்கு” என்று நம்பப்படுகிறது. செயலிக்கும் ரேமுக்கும் இடையே இரண்டு வழித்தடங்கள் உண்டு. ஒரே அட்டையைச் செருகினால் அவற்றுள் ஒன்று வெறுமனே கிடக்கிறது. டிடிஆர்4-3200 வகையில் ஒற்றை அட்டைக்கு நொடிக்கு 25.6 ஜிபி, இரட்டை அட்டைக்கு 51.2 ஜிபி என்பது ஏட்டுக்கணக்கு. செயலிக்குள்ளேயே கிராபிக்ஸ் அமைந்த ரைசன் 5 5600ஜி போன்றவற்றில், படத்தை வரைவதற்கும் இதே ரேமே பயன்படுவதால், ஒரு 16 ஜிபி அட்டைக்கும் இரண்டு 8 ஜிபி அட்டைகளுக்கும் உள்ள வேறுபாடு விளையாட்டுகளில் கண்ணுக்கே தெரியும். தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும் கணினியில் இந்த வேறுபாடு குறைவு. அங்கே ஓர் இடத்தைக் காலியாக விட்டுவைப்பது நியாயமான திட்டம்.

“காத்திருந்தால் உதிரிகளின் விலை குறையும்” என்ற நம்பிக்கையும் இத்துடன் சேர்த்தே நோக்கத்தக்கது. பல ஆண்டுகள் அது மெய்யாகவே இருந்தது. ஆனால் 2025-இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கத் தொடங்கியதால், ரேம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. உற்பத்தியாளர்கள் டிடிஆர்4 தயாரிப்பைக் குறைத்துவந்ததால் பழைய வகையும் தப்பவில்லை. எட்டு ஜிபியில் தொடங்கி மெல்லக் கூட்டிக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தோரின் கணக்கு இதனால் பொய்த்தது.

கிராபிக்ஸ் கார்டின் வலிமையை அதன் ஜிபியால் அளப்பது மற்றொரு பழக்கம். ஜிடி 730 என்ற 2014-ஆம் ஆண்டின் கார்டு நான்கு ஜிபி நினைவகத்தோடு இன்றும் ‘கேமிங் பிசி’ பட்டியல்களில் தலைகாட்டுகிறது. 5600ஜி-க்குள் இலவசமாகக் கிடைக்கும் கிராபிக்ஸ் அதைவிட வலிமையானது. உள்ளமைந்த கிராபிக்ஸில் தொடங்கிப் பின்னர் கார்டு சேர்க்கும் வழி சிறந்ததே, ஒரு கண்ணியைக் கவனித்தால். 5600ஜி, எந்தப் போர்டில் அமர்ந்தாலும், கார்டை இணைக்கும் பிசிஐஇ தடங்களுக்கு 3.0 வேகத்தையே தரும். ஆர்எக்ஸ் 6500எக்ஸ்டி போன்ற மலிவு கார்டுகளோ நான்கு தடங்களை மட்டுமே கொண்டு, 4.0 வேகத்தை நம்பி வடிவமைக்கப்பட்டவை. இரண்டும் சேர்ந்தால் தரவுப் பாதை பாதியாகக் குறுகிவிடுகிறது.

எல்லாவற்றையும்விட அலட்சியப்படுத்தப்படும் உறுப்பு எஸ்எம்பிஎஸ். 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தரும் இந்த மின்வழங்கி, பல கொட்டேஷன்களில் தனி வரியாகக்கூட இடம்பெறாமல், கேபினெட்டோடு இலவச இணைப்பாக வந்துசேர்கிறது. அதன் மேல் அச்சிட்டிருக்கும் 450 வாட்ஸ் என்ற எண் எதையும் உறுதிப்படுத்துவதில்லை. செயலியும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது 12 வோல்ட் தடத்தை. ஒட்டுத்தாளில் அந்தத் தடத்துக்கு 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 12-ஐ 18-ஆல் பெருக்க வரும் 216 வாட்ஸே அதன் உண்மையான கொள்ளளவு. 80 பிளஸ் முத்திரையும் முழு உத்தரவாதம் ஆகாது. உள்ளே வரும் மின்சாரத்தில் எத்தனை பங்கு வீணாகாமல் வெளியே வருகிறது என்பதையே அது அளக்கிறது, மின்னழுத்தம் எகிறினால் தன்னை அணைத்துக்கொள்ளும் பாதுகாப்பு இருக்கிறதா என்பதை அன்று.

பெரிய எஸ்எம்பிஎஸ் மின்கட்டணத்தைக் கூட்டும் என்பது இதற்கு எதிர்த்திசையில் செல்லும் பிழை. 550 வாட்ஸ் என்பது தரக்கூடிய உச்சம். கணினி கேட்பதை மட்டுமே அது கொடுக்கிறது. உள்ளமைந்த கிராபிக்ஸ் கொண்ட கணினி ஒன்று எளிய வேலையில் 60 வாட்ஸ் இழுப்பதாகக் கொண்டால், நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதக் கணக்கில் ஏறக்குறைய 22 யூனிட்டே ஆகும். நல்ல 550 வாட்ஸ் மின்வழங்கி, செயலியும் போர்டும் மாறிய பின்னும் அதே பெட்டியில் தொடரக்கூடியது என்பதால், அதில் மிச்சம்பிடிக்கும் சில நூறு ரூபாய் மோசமான சிக்கனம்.

கேபினெட்டைத் தொட்டால் ‘ஜிவ்’ என்று இழுப்பது உதிரிகளின் குறை என்று கருதி எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுவோரும் உளர். பெரும்பாலும் குறை சுவரில் இருக்கிறது. மின்வழங்கியின் வடிகட்டி மின்தேக்கிகள் எர்த் கம்பியோடு இணைந்திருப்பவை. எர்த் இல்லாத பிளக்கிலோ, மூன்றாவது முனை வெட்டிய அடாப்டரிலோ செருகும்போது பெட்டியின் உடலில் ஏறக்குறைய பாதி மின்னழுத்தம், மிகச் சிறிய மின்னோட்டத்தோடு, தேங்கி நிற்கிறது. எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபார்ப்பதே இதற்கு மருந்து. இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் யுபிஎஸ் தேவையில்லை என்ற கூற்றோ பாதி உண்மை: மின்சாரம் அறுபட்ட பின் எஸ்எம்பிஎஸ் ஏறத்தாழ 16 மில்லிவினாடியே தாக்குப்பிடிக்கும், அதற்குள் மாறிவிடும்படி பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் நிலைக்கான பொத்தான் ஒன்று உண்டு, அது பெரும்பாலும் அணைந்தே கிடக்கிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் தரைத்தள வீடுகளுக்கு, கேபினெட்டைத் தரையில் வைப்பது காற்றோட்டத்துக்கு நல்லது என்ற அறிவுரை பொருந்தாது. மேசைமேல் வைப்பதே பொருந்தும்.

இறுதியாக, “பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத வரி மிச்சம்” என்ற கணக்கு. உதிரிகளுக்கான உத்தரவாதம் வரிசை எண்ணையும் விலைப்பட்டியலையும் சார்ந்தது; பில் இல்லையெனில் பழுதான போர்டு திரும்பப் பெறப்படுமா என்பது கடைக்காரரின் மனத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. பெட்டியிலிட்டு வரும் செயலிகளுக்குப் பொதுவாக மூன்றாண்டு உத்தரவாதம் உண்டு; பெட்டியின்றி வரும் ‘ட்ரே’ செயலிகளுக்கு இன்டெல் பயனருக்கு நேரடி உத்தரவாதம் தருவதில்லை, விற்றவரே பொறுப்பு. பில்லில் ஒவ்வோர் உதிரியின் வரிசை எண்ணும் இடம்பெற்றிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து, வீடு திரும்புமுன் அதைப் படமெடுத்துக்கொள்வதும் வேண்டும். ஏனெனில் பல கடைகளின் பில் வெப்பத்தாளில் அச்சாவது, அதன் எழுத்து சென்னை வெயிலில் மூன்றாண்டுக்கு வெகு முன்னரே வெளுத்துவிடும்.