எழுதி எழுதியே கை தேறிவிடுமா?

பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்க்கும் நிருபருக்குப் பக்கத்து மேசையில் ஒரு மூத்தவர் இருப்பார். “இன்ட்ரோ சரியில்லை, மாற்று” என்று முகத்துக்கு நேரே சொல்வார். வெளியிலிருந்து எழுதும் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளருக்கு அந்த மூத்தவர் கிடையாது. அனுப்பிய கட்டுரை வரும், அல்லது வராது. ஏன் என்று யாரும் சொல்வதில்லை. அதனால் அவர்களுக்குள் சில நம்பிக்கைகள் கேள்வி கேட்பாரின்றி நிலைத்துவிட்டன. நல்ல கை உள்ளவர்கள் இவற்றை நம்பி வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. இதை எழுதக் காரணமும் அதுதான்.

“தினமும் எழுதினால் போதும், நடை தானாக வந்துவிடும்”

எழுதுகிற பழக்கம் வேண்டும்தான். ஆனால் திருத்த ஆளில்லாமல் எழுதிக்கொண்டே போனால் பிழையும் சேர்ந்தே பழகிவிடும். வெளியில் இருப்பவருக்குக் கிடைக்கும் ஒரே இலவசப் பாடம், அச்சில் வந்த அவருடைய சொந்தக் கட்டுரை. பெயர் வந்திருக்கிறதா, படம் வந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அனுப்பிய பிரதியையும் அச்சானதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

பனையேறிகளைப் பற்றி ஒரு கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். அனுப்பிய பிரதி இப்படித் தொடங்குகிறது: “பனை மரமானது தமிழரின் வாழ்வோடு பின்னிப் பிணைந்த ஒன்றாகும். தொன்றுதொட்டே பனையின் பயன்பாடு நம்மிடையே காணப்பட்டு வருகிறது.” மூன்று பத்தி இதே போக்கு. நான்காவதில்தான் ஆள் வருகிறார். இருட்டோடு எழுந்து, பதநீர் புளித்துப்போகாமலிருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி, பாளை சீவும் அரிவாளோடு மரமேறுகிறார். உதவி ஆசிரியர் முதல் மூன்று பத்தியையும் எடுத்துவிட்டு இங்கிருந்து தொடங்கியிருப்பார். ‘மரமானது’ என்பது மரமாகியிருக்கும். ‘காணப்பட்டு வருகிறது’ காணாமல் போயிருக்கும். பின்னால் வரும் ‘கருப்பட்டி விற்பனை செய்யப்படுகிறது’ என்ற வரி, ‘கருப்பட்டி விற்கிறார்கள்’ என்று ஆகியிருக்கும்.

இந்தக் கடைசித் திருத்தத்தில் நின்று யோசிக்க வேண்டும். ‘செய்யப்படுகிறது’ என்று எழுதும்போது, யார் செய்கிறார்கள் என்று சொல்லாமலே தப்பித்துக்கொள்ள முடிகிறது. ‘விற்கிறார்கள்’ என்று மாற்றியதும் கேள்விகள் வந்து நிற்கும்: வீட்டுப் பெண்கள் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிறார்களா, வியாபாரி வாசலுக்கு வந்து எடுத்துக்கொள்கிறாரா? கிலோ என்ன விலை? முன்பணம் வாங்கியிருக்கிறார்களா? பதில் நோட்டில் இல்லையென்றால் மறுபடி ஊருக்குப் போக வேண்டும், குறைந்தது ஒரு போன் செய்ய வேண்டும். நடைக் குறை என்று நாம் நினைப்பது பெரும்பாலும் விசாரிப்பில் விட்ட குறைதான். அகராதியைப் புரட்டி அழகான சொற்களைப் போட்டு இதை மூட முடியாது.

“தகவல்தான் இணையத்திலேயே இருக்கிறதே”

இருக்கிறது. ஆசிரியரின் கணினியிலும் அதே இணையம்தான். இப்போது ஏஐயிடம் கேட்டால் கட்டுரையே ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறது. அப்படிக் கிடைப்பதற்குப் பத்திரிகை ஏன் சன்மானம் தர வேண்டும்?

ராஜம் கிருஷ்ணனை நினைத்துப் பாருங்கள். அவர் எழுதியது நாவல். கற்பனை என்று சொல்லி வீட்டிலிருந்தபடியே எழுதியிருக்கலாம். ‘கரிப்பு மணிகள்’ எழுதத் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போனார். தீப்பெட்டித் தொழிலில் வதைபட்ட குழந்தைகளுக்காக ‘கூட்டுக் குஞ்சுகள்’, நீலகிரிப் படகர்களைப் பற்றி ‘குறிஞ்சித் தேன்’. மக்களோடு பழகி, கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுத உட்கார்ந்தார். கல்லூரி வாசலை மிதிக்காத அவர், 1973இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். கதைக்கே அவ்வளவு மெனக்கெட்டார் என்றால் கட்டுரை எழுதுகிறவர் எவ்வளவு மெனக்கெட வேண்டும்!

போனால் மட்டும் போதாது, கேட்கவும் தெரிய வேண்டும். உப்பளத் தொழிலாளியிடம் “உங்க வாழ்க்கை எப்படி இருக்கு?” என்றால் “ஏதோ ஓடுது சார்” என்பார். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “நேத்து காலையில எத்தனை மணிக்குப் பாத்திக்குள்ள இறங்கினீங்க? கால் வெடிப்புக்கு என்ன தடவுறீங்க? கண் கூசுதே, என்ன பண்ணுவீங்க? மழை மாசத்துல அடுப்பு எப்படி எரியுது?” என்று கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் இருக்கும். அதிலிருந்து இன்னொரு கேள்வி பிறக்கும்.

அதே உப்பளத்தில் மழைக்கால நிவாரணம் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்பது அவருக்குத் தெரியாது. அது அரசு அலுவலகத்தில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி இந்தியக் குடிமக்கள் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். தமிழ்நாட்டில் மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். மனு எழுதுவதிலும் ஒரு கை வேண்டும். “ஏன் தரவில்லை?” என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். எந்த ஆண்டு, எந்த மாவட்டம், எத்தனை பேர், எவ்வளவு தொகை என்று ஆவணத்தில் இருப்பதைக் கேட்க வேண்டும். ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்கள் இந்த வசதியை இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துவது எனக்கு ஆதங்கம்தான்.

“மூட் வந்தால்தான் எழுத முடியும்”

எழுத்தாளர் சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. அந்த வேலைக்கு நடுவில்தான் வாராவாரம் தொடர்கதைகள் எழுதினார். அச்சுக்குப் போகும் நாள் யாருடைய மூடுக்கும் காத்திருக்காது.

“நல்ல கட்டுரையை யாரும் போடுவார்கள்”

ஒரே கட்டுரையை ஐந்து பத்திரிகைக்கு ஒரே நாளில் அனுப்புகிறவர்கள் இந்த நம்பிக்கையில்தான் அனுப்புகிறார்கள். இரண்டு பத்திரிகையில் ஒரே வாரம் வந்துவிட்டால் இரண்டு கதவும் சாத்தப்படும். முழுக் கட்டுரைக்கு முன் நாலு வரி எழுதிக் கேளுங்கள்: விஷயம் என்ன, இப்போது ஏன், யாரைப் பார்த்தாயிற்று, எத்தனை சொல், படம் உண்டா. அதற்கும் முன் அந்தப் பத்திரிகையின் சமீபத்திய இதழ்கள் சிலவற்றை எடுத்து எந்தப் பக்கத்தில் உங்கள் கட்டுரை உட்காரும் என்று பாருங்கள். இரண்டு பக்கப் பகுதிக்கு ஆறு பக்கம் அனுப்பினால் படிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள்.

“சன்மானம் வாங்கிவிட்டால் கட்டுரை அவர்களுக்குச் சொந்தம்”

இதை நம்பித்தான் பலர் தங்கள் பழைய எழுத்தைத் தாங்களே தொடப் பயப்படுகிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர்தான் முதல் உரிமையாளர். பத்திரிகையில் ஊழியராக இருந்து வேலையின் பகுதியாக எழுதினால், அதைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமை நிர்வாகத்துடையது. வெளியெழுத்தாளர் ஊழியர் இல்லை. அவர் உரிமையை மாற்றித் தர வேண்டுமானால், எழுத்து மூலம், கையெழுத்திட்டுத் தர வேண்டும். எத்தனை ஆண்டு என்று அதில் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்தெந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்.

ஆகவே படிவம் வந்தால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’, ‘எல்லா வடிவங்களிலும்’ என்று இருந்தால், ஒருமுறை வெளியிடும் உரிமை மட்டும் தருகிறேன் என்று எழுதிக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் ஒத்துக்கொள்ளும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இதற்கும் எழுத்துத் திறனுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இடமில்லை என்று இதழில் வெட்டப்பட்ட பகுதிகளைச் சேர்த்து, இரண்டு ஆண்டு கழித்து அதே உப்பளத்துக்குத் திரும்பப் போய், விலை எவ்வளவு மாறியிருக்கிறது, யார் வேலையை விட்டுப் போனார்கள் என்று விசாரித்து அந்தக் கட்டுரையை ஒரு புத்தகத்தின் அத்தியாயமாக வளர்க்க, அதன் உரிமை உங்கள் கையில் இருக்க வேண்டும்.