பழைய படங்களும் புதிய சொற்களும்

எம்மவர் பலரின் வீடுகளில், ஊரிலிருந்து வந்த படங்கள் எல்லாம் ஒரு பிஸ்கற் பேணிக்குள் அடங்கிவிடும். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களில் எத்தனை பேரால் அல்பங்களைத் தூக்கிவர முடிந்தது? ஆகவே ஒருவர் காலமாகி, முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்குப் படம் தேடும்போது, அடையாள அட்டைக்கு எடுத்த சிறு படம் மட்டுமே கிடைப்பதுண்டு. அதைக் கணினியில் ஏற்றுமுன் நாம் அறிய வேண்டிய சில சொற்கள் இவை.

1. படப்புள்ளி
பிக்சல் என்பது இதுவே. கணினிப் படம் சிறு புள்ளிகளின் வரிசைகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியின் நிறமும் இலக்கமாகப் பதியப்படுகிறது. 1957இல் அமெரிக்காவில் ரசல் கேர்ஷ் என்பவர் வருடி மூலம் கணினியில் ஏற்றிய முதற்படமும் ஒரு குடும்பப் படமே: அவரது மூன்று மாத மகன். அகலம் 176, உயரம் 176. மொத்தம் 30,976 புள்ளிகள்.

2. பிரிதிறன்
ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்பது. ஸ்கானர் எனப்படும் வருடியில் இது டி.பி.ஐ. என்று இருக்கும். ஒன்றரை அங்குல அகலமும் இரண்டு அங்குல உயரமும் உள்ள படத்தை 300இல் வருடினால் 450 x 600 புள்ளிகள். நல்ல அச்சுக்கும் அங்குலத்துக்கு 300 வேண்டும். எனவே அதே சிறிய அளவில்தான் அச்சிடலாம். 1,200இல் வருடினால் 1,800 x 2,400 புள்ளிகள். 6 x 8 அங்குலம் வரை அச்சிடலாம். ஆனால் மூலப்படத்தில் இல்லாத தெளிவை எந்த வருடியும் தராது.

3. கோப்பு வகை
ஜேபெக் கோப்பு இடத்தை மிச்சப்படுத்தச் சில விபரங்களைக் கைவிடும். திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது இழப்பும் கூடும். டிஃப் கோப்பு பெரியது. பொதுவாக எதையும் இழக்காமல் வைத்திருக்கும். மூலப்பிரதியை டிஃப்பில் வைத்து, அனுப்புவதற்கு ஜேபெக் பிரதி எடுப்பதே நன்று. வாட்ஸ்அப்பில் சாதாரண படமாக அனுப்பினால் அது மேலும் சுருங்கும். கோப்பாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

4. திருத்தம்
ஓரங்களை வெட்டுதல், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தல், கருமை வெண்மை வேறுபாட்டைச் சீராக்குதல், கீறல்களை மறைத்தல் ஆகியன இதில் அடங்கும். கணக்காளர்கள் மூலப் பற்றுச்சீட்டில் அழித்தெழுதுவதில்லை. இங்கும் அதே விதிதான்: திருத்தம் எல்லாம் பிரதியில் மட்டும்.

இன்று செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் மங்கிய முகத்தை நொடியில் கூர்மையாக்கித் தருகின்றன. அவை மறைந்த விபரத்தை மீட்பதில்லை. வேறு பல முகங்களிலிருந்து கற்றதை வைத்து ஊகித்து நிரப்புகின்றன. பார்வைக்கு அழகாயிருக்கும், ஆனால் அது அம்மாவின் கண்ணாக இராது. பேரப்பிள்ளைகள் அந்த முகத்தையே அம்மம்மா என்று நம்பி வளர்வார்கள். மங்கலாயினும் உண்மைப் படத்தையே பேணுவோம்.

5. விபரக்குறிப்பு
கோப்புடன் சேர்த்து எழுதிவைக்கும் பெயர், ஊர், ஆண்டு என்பன. ‘ஐஎம்ஜி 0047’ என்ற கோப்பில் நிற்பவர் யாரென்று இருபது வருடங்களின் பின் எவர் சொல்வார்?

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அழிந்தன. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணைய நூலகம் இன்று நூல்களோடு நினைவு மலர்களையும் வருடிச் சேர்த்து வருகிறது. நாமும் வீட்டுப் படங்களுக்கு இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை ரெக்ஸ்டேலில் எம்மிடமும் மற்றையதை வேறு ஊரிலுள்ள உறவினரிடமும் வைப்போம். முதல் வேலையாக, படத்தில் நிற்பவர்களின் பெயர் தெரிந்த பெரியவர்களிடம் இந்த வார இறுதியிலேயே கேட்டு எழுதிக்கொள்வோம். வருடியை அடுத்த மாதமும் வாங்கலாம்.